அக்காவுக்கு நாலு நாள்

1

பிப்ரவரி 9, ஞாயிறு. உல்ம், ஜெர்மனி.

ஆறரைக்கு எழுந்தேன். டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் ஒரு வேலையை முடித்துவிட்டேன். எங்கள் கட்டடத்தில் படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பது வாரத்துக்கு ஒரு வீட்டின் பொறுப்பு. யாருடைய வாரமோ அவர்கள் வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கும். சென்ற வாரம் எங்கள் முறை. நேற்றே துடைத்துவிட்டதால், இன்று அட்டையைக் கழற்றி மேல்மாடிக்காரர் கதவில் மாட்டினேன். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அந்த அட்டைதான் என்று என் மனைவி கல்பனா எல்லாரிடமும் சொல்வாள். மறுப்பதற்கில்லை.

பிறகு காப்பி. பிறகு நேற்றைய நாட்குறிப்பில் விட்டுப்போன இரண்டு வரிகள். ஞாயிற்றுக்கிழமை இங்கே வாக்குவம் கிளீனர் போடக் கூடாது, கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில் எறியக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. செய்யக்கூடியவை என்று பார்த்தால் நடப்பதும் போன் பேசுவதும்தான். பத்து மணிக்கு ஸ்ரீரங்கத்தில் அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே பகல் இரண்டரை. சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு, போனைச் சம்படத்தின் மேல் சாய்த்துவைத்து, மின்விசிறிக்கு நேர்கீழே அவள் உட்காரும் நேரம்.

இன்று திரையில் தெரிந்த அக்கா கத்திரிப்பூ நிறத்தில் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கழுத்து வரை பொத்தான். நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"எப்படிடா இருக்கு? சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில வாங்கினேன். இந்த மாசத்துல ஸ்வெட்டர் கேக்குறீங்களேம்மான்னு பரண்ல ஏறி எடுத்துக் கொடுத்தாரு. ரசகற்பூர வாசனை போகவே மாட்டேங்குது."

நன்றாக இருக்கிறது என்றேன். கொடைக்கானலுக்கு இது போதுமா, உள்ளே இன்னொன்று வேண்டுமா என்று கேட்டாள். ஐந்து மாதம் பனியில் கிடக்கிறவனிடம் குளிரைப் பற்றிக் கேட்பது அவளுக்கு நியாயமாகப் பட்டது.

2

கொடைக்கானல் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் இந்த ஊர்ப் போக்குவரத்து அலுவலகத்தில் பேருந்துகளுக்கும் டிராம்களுக்கும் கால அட்டவணை போடுகிறவன். இங்கே விடுமுறை என்பது வேலையைவிடக் கண்டிப்பான விஷயம். சித்திரையில் எடுக்கப்போகும் விடுப்பை முந்தின அக்டோபரிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பக்கத்து மேசை யூர்கன் ஒவ்வோர் ஆண்டும் இத்தாலியில் ஒரே ஏரிக்கரைக்கு, ஒரே விடுதிக்கு, முடிந்தால் ஒரே அறைக்குப் போகிறவர். எங்கே போகிறாய் என்று கேட்டார். வீட்டுக்கு என்றேன். போன முறையும் அப்படித்தானே சொன்னாய், அது உறவினரைப் பார்க்கப் போவது, விடுமுறை இல்லையே என்றார். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று விளக்கினேன். அவர் இரக்கத்தோடு தலையாட்டினார்.

வீடு திரும்பும் டிராமில் யோசித்துப் பார்த்தேன். யூர்கன் சொன்னது பாதிதான் சரி. எங்களுக்கு அது விடுமுறைதான். அக்காவுக்குத்தான் இல்லை.

பாலக்கரையில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு அப்பா, அம்மா காலத்தோடு கைவிட்டுப் போயிற்று. அதன்பிறகு ஊருக்குப் போவது என்றால் ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதிதான். அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு. மாமா கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார். அதனால் எத்தனை பேர் வந்தாலும் அந்த வீட்டில் அண்டா பற்றாக்குறை வந்ததில்லை. நாங்கள் நேரம் மாறிய தூக்கத்தில் பத்து மணிக்கு எழுந்து வருவோம். தோசை சுடச்சுட வரும். பகலில் வெயிலுக்குப் பயந்து படுப்போம். எழுந்தால் பஜ்ஜி. எங்களைப் பார்க்க வருகிறவர்களும் அக்கா வீட்டில்தான் சாப்பிடுவார்கள். திரும்பிப் போகும்போது பெட்டியில் பருப்புப் பொடி, வடகம், நார்த்தங்காய். உல்முக்கு வந்து, ஓய்வு நன்றாக இருந்தது என்று அலுவலகத்தில் சொல்வேன்.

போன முறை கிளம்புகிற அன்று, பொடியை உறையில் கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் வழக்கம்போல் கேட்டேன், அடுத்த தடவை அங்கிருந்து உனக்கு என்ன வேண்டும் என்று. அவள் வழக்கமாகச் சொல்வது, ஒன்றும் வேண்டாம். அன்றைக்கு ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு நாலு நாள் எங்கயாவது போய், யாராவது சமைச்சுப் போட, உக்காந்து சாப்பிடணும்டா. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அடுத்த உறையை எடுத்தாள். சொன்னதை அவள் அன்றே மறந்திருப்பாள். எனக்கு விமானத்தில் தூக்கம் வரவில்லை. அடுத்த பயணத்தில் அந்த நாலு நாளை எப்படியாவது கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தது அப்போதுதான்.

3

திட்டம் போடுவது எனக்குக் கைவந்த தொழில். ஆகவே பட்ஜெட் நவம்பரிலேயே தயாராகிவிட்டது.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பட்ஜெட் போடும் விதத்தை ஊரில் யாரும் பார்க்காமல் இருப்பது எங்கள் மானத்துக்கு நல்லது. இங்கே ஒரு காப்பி வாங்கினால் ரூபாயில் மாற்றிப் பார்த்து, அதைக் குடிக்க முடியாமல் தவிப்போம். அங்கே போனால் எல்லாவற்றையும் யூரோவில் மாற்றி, இவ்வளவுதானா என்று பெருந்தன்மையாக இருப்போம். ஆட்டோவில் ஏறும்போது மட்டும் திரும்பவும் ரூபாய்க்கு வந்துவிடுவோம்.

சாக்லேட்டிலும் ஒரு வரிசை உண்டு. நெருங்கிய சொந்தத்துக்குத் தங்கத் தாள் சுற்றியது. தூரத்துச் சொந்தத்துக்கு நீளக் கட்டி. திடீரென்று வந்து நிற்கிறவர்களுக்கு உதிரி. இதில் ஒரு படி மாறினாலும் அடுத்த பயணம் வரை பேச்சு ஓயாது. பிறகு பல். இங்கே பல் மருத்துவரிடம் போவதற்குப் பதில் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் வீட்டுக் கொள்கை. என் கடைவாய்ப் பல் ஒன்று நவம்பரிலிருந்து சித்திரைக்காகப் பொறுமையாக வலித்துக்கொண்டிருக்கிறது. பிறகு வங்கி. இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் போடும் கையெழுத்து, நான் இருபது வயதில் போட்டதைப் போல இல்லை என்று அவர்களுக்கு ஒரு வருத்தம். அதற்கு ஒரு முழுநாள்.

நாட்களைத்தான் எங்கும் கடன் வாங்க முடியாது. மகள் நிவேதாவுக்கு வயது பதினாறு. இங்கே பள்ளி விடுமுறைக்கு ஒரு நாள் முன்னால் கிளம்பினாலும் குற்றம். விமான நிலையத்திலேயே போலீஸ் நிறுத்திக் கேட்பார்கள் என்று சொல்கிறார்கள். ஆகவே பள்ளி மூடும் நாள் மாலையில் புறப்பாடு, திறக்கும் நாளுக்கு முந்தைய நாள் திரும்பல். இடையே கிடைக்கும் இரண்டு வாரம்தான் எங்கள் சொத்து. முதல் வாரத்தைப் பாலக்கரைச் சித்தப்பா, வங்கி, பல், துணிக்கடை ஆகியவற்றுக்கு ஒதுக்கினேன். இரண்டாவது வாரத்தில் கொடைக்கானல். நாங்கள் மூவர், அக்கா, மாமா. திருச்சியிலிருந்து வேன். மலையேற இ-பாஸ். தங்குவதற்கு ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு தனி காட்டேஜ். இரண்டு படுக்கையறை, கூடம், பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல். விடுதி அறைகளை எடுப்பதைவிட இதில் கணிசமாக மிச்சம். தேதியை ஒருமுறை இலவசமாக மாற்றிக்கொள்ளலாம். கோடை மழை, தேர்வுக்காலம், மலைப்பாதை நெரிசல் எல்லாவற்றையும் விசாரித்தேன். எதையும் விட்டுவிடவில்லை என்று நம்பினேன்.

4

"சரி, என்னிக்குக் கிளம்பறோம்? அதைச் சொல்லு முதல்ல. கடைக்கு ஆள் ஏற்பாடு பண்ணணுமாம் உங்க மாமாவுக்கு."

இரண்டாவது வாரத் தேதிகளைச் சொன்னேன். திரை கொஞ்சம் ஆடியது. அக்கா எழுந்து காலண்டர் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"டேய், அது கொடி ஏறின பிறகுடா."

எந்தக் கொடி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எந்தக் கொடியாம். பாலக்கரைக்காரன்கறது போகுதா பாரு. சித்திரைத் தேர்டா. நீ சொல்ற கடைசி நாள் தேரே வருது. நீ தேருக்குன்னு பார்த்துத்தான் டிக்கெட் போட்டிருக்கேன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிவச்சிருக்கேன்."

பாலக்கரையில் வளர்ந்த எங்களுக்குத் தேர் என்பது ஒரு நாள் சமாச்சாரம். பஸ் பிடித்து வருவோம், கூட்டத்தில் நசுங்கி வடத்தைத் தொடுவோம், அக்கா வீட்டில் சாப்பிடுவோம், பஸ் பிடித்துத் திரும்புவோம். தேர் ஓடும் தெருவிலேயே வீடு இருக்கிறவர்களுக்கு அது அப்படி இல்லை. கோயிலில் கொடி ஏறிவிட்டால், திருவிழா முடிகிற வரை அந்த வீட்டு ஆட்கள் காவிரியையோ கொள்ளிடத்தையோ தாண்டிப் போய் இரவு தங்குவதில்லை. அக்காவின் மாமியார் காலத்து வழக்கம். அந்த அம்மாள் போய்ப் பல வருடமாகிறது. வழக்கம் அங்கேயேதான் இருக்கிறது. தேரன்று வாசல் கதவைச் சாத்துவதும் இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் பானகமும் நீர்மோரும் உண்டு. தெரிந்தவர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு.

இதில் எனக்கே பொறுக்காத ஒன்று இருக்கிறது. எங்கள் உல்ம் டான்யூப் ஆற்றின் ஒரு கரை. பாலம் தாண்டினால் மறுகரையில் வேறு மாநிலம், வேறு பள்ளி விடுமுறைகள். இக்கரையில் பள்ளி நடக்கும் நாளில் அக்கரையில் விடுமுறை இருக்கும். பாலத்தைக் கடக்கும் பேருந்துகளுக்கு இரண்டையும் பார்த்து அட்டவணை போடுகிறவன் நான்தான். அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டினாலும் நாள்காட்டி மாறும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

"விடுடா" என்றாள் அக்கா. "கொடைக்கானல் எங்க ஓடிப்போகப் போகுது? நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. புள்ளைக்கும் ஆசையா இருக்கும். தேருக்கு முதல் நாள் வந்துருங்க, நான் பலகாரமெல்லாம் பண்ணி வச்சிடறேன்."

சொல்லிக்கொண்டே ஸ்வெட்டரின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒரு கை வெளியே வந்துவிட்டது. கொடைக்கானல் எங்கே ஓடிப்போகப் போகிறது என்பதை நான் முதன்முதலாகக் கேட்டது அவளுக்குக் கல்யாணமான புதிதில். அன்றிலிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது. அக்காவும் இங்கேயேதான் இருக்கிறாள்.

5

கொஞ்சம் இரு, கழற்றாதே என்று சொல்லிவிட்டு என் அட்டவணையைத் திறந்தேன். கொடி ஏறுவதற்கு முன் இருப்பது முதல் வாரம் மட்டும்தான். கொடைக்கானலை அங்கே தூக்கிவைத்தால், பல்லும் வங்கியும் பின்னால் போகும். பல் பொறுக்கும். வங்கி எப்போதும் பொறுக்கும். சித்தப்பாதான் பொறுக்க மாட்டார்.

பாலக்கரைச் சித்தப்பா அப்பாவின் தம்பி. வயது எழுபத்தெட்டு. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் முதல் சாப்பாடு அவர் வீட்டில்தான் என்பது எங்கள் குடும்பத்துச் சட்டம். ஒருமுறை ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் துபாயிலிருந்து வந்து, மாமனார் வீட்டில் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு மறுநாள் அவரைப் பார்க்கப் போனான். சித்தப்பா அவனை வாங்க, போங்க என்று மரியாதையாகப் பேசினாராம். இன்றுவரை அப்படித்தான் பேசுகிறார். அவன் அழாத குறை.

இந்த நிலையில், வந்து இறங்கிய மறுநாளே அக்காவையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போவது என்றால், அது காப்பி குடித்ததைவிடப் பெரிய குற்றம். அவரிடம் எப்படிச் சொல்வது, யார் சொல்வது என்று நானும் கல்பனாவும் பேசிக்கொண்டிருந்தோம். நீங்கதான் சொல்லணும், உங்க சித்தப்பா என்றாள் அவள். நீ சொன்னால் உன்னைத் திட்ட மாட்டார் என்றேன் நான்.

"நான் பேசறேன்" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.

இது எனக்குப் புதிது. அக்கா தனக்காக யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. மாமாவின் கடைக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல் வைக்கச் சொல்வதற்கே மூன்று வருடம் எடுத்துக்கொண்டவள். கால் மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். ஸ்வெட்டரின் இரண்டு கையும் உள்ளே இருந்தன.

சித்தப்பா முதலில், நீ போறியா என்று கேட்டாராம். அவனோட நீயும் போறியா, சமைக்கிறதை விட்டுட்டா என்று இரண்டாம் முறையும் கேட்டாராம். ஆமாம் சித்தப்பா என்றதும், சரி, போயிட்டு வாங்க, வரும்போது எனக்கு ஒரு கிலோ மலைப்பூண்டு, நல்லதாப் பார்த்து, உன் தம்பிக்கு வாங்கத் தெரியாது, நீயே பொறுக்கு என்று சொல்லிவிட்டாராம்.

பூண்டு ஒரு கிலோ என்று பட்ஜெட்டில் சேர்த்தேன். காட்டேஜுக்கு எழுதித் தேதியையும் மாற்றினேன். எல்லாம் முடிந்த சந்தோஷத்தில், அந்த இடத்தின் படங்களை அக்காவுக்குக் காட்டச் சொல்லி நிவேதாவைக் கூப்பிட்டேன்.

நிவேதாவின் தமிழைப் பற்றி இங்கே ஒரு வரி சொல்ல வேண்டும். உல்மில் அவளோடு தமிழில் பேசுகிறவர்கள் நானும் கல்பனாவும் மட்டும்தான். நாங்கள் அவளை நீ என்கிறோம். ஆகவே உலகத்தில் எல்லாரையும் நீ என்று கூப்பிடலாம் என்பது அவள் முடிவு. போன முறை சித்தப்பாவிடமே, தாத்தா நீ சாப்டியா என்று கேட்டாள். கூடம் உறைந்துபோயிற்று. சித்தப்பா மட்டும் சிரித்துக்கொண்டே, சாப்பிட்டேங்க என்றார். அதற்குப் பிறகும் திருத்திப் பார்த்தோம். வருடத்துக்கு வருடம் அவள் பேசும் தமிழ் குறைகிறது, திருத்தவும் குறைவாகவே கிடைக்கிறது.

படங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஜன்னல், பள்ளத்தாக்கு, கம்பளி விரித்த கட்டில். அக்கா ஒவ்வொன்றுக்கும் நல்லா இருக்கு என்றாள். அடுத்த படத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அட, சமையல்கட்டு. மூணு பர்னரா அது? நல்லாப் பெருசா இருக்கே. குக்கர் இருக்கான்னு கேளுடா. அங்க வேண்டாம், எவன் குக்கரோ, நானே எடுத்துட்டு வரேன். மலையில இட்லி மாவு புளிக்காது, முதல் நாளே புளிக்கவச்சுத் தூக்குல எடுத்துக்கலாம். பருப்பு, மிளகாப் பொடி. அரிசி ஒரு அஞ்சு கிலோ போதுமா? உங்க மாமாகிட்டச் சின்னதா ஒரு இட்லிப் பானை எடுத்து வைக்கச் சொல்றேன்."

அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். உற்சாகமாகவே இருந்தாள். நானும் கல்பனாவும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தோம். ஐந்து கிலோ கூடுதல் என்றுகூடச் சொன்னேன்.

நிவேதா போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அத்தை, நீ லீவுக்கு வர்றியா, வேலைக்கு வர்றியா?"

அக்கா சிரித்தாள்.

"என்னடி இப்படிக் கேட்டுட்ட. ஹோட்டல் சாப்பாடு உங்க மாமாவுக்கு ஒத்துக்காதுடி. அதுக்குத்தான்."

திரைக்கு வெளியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "எனக்கு எல்லாம் ஒத்துக்கும். என்னை எதுக்கு இழுக்கிற?"

மறுபடி கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். காட்டேஜில் மிச்சம் என்று நான் குறித்திருந்த தொகை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் பார்த்தேன். ஐந்து பேர் சாப்பாட்டுச் செலவு. சமையல் அங்கேயே என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். யார் சமைப்பது என்று எழுதவில்லை. எழுதத் தோன்றவும் இல்லை. தண்ணீர் வருமா, வெந்நீர் வருமா என்று கேட்டவன், இதை மட்டும் தானாக நடக்கும் ஒன்றாக எண்ணியிருக்கிறேன்.

"அந்தக் கதவு அட்டையை அக்கா வீட்டு அடுப்படியில மாட்டினா எப்படி இருக்கும்னு யோசிச்சேன்" என்றாள் கல்பனா, சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டே. "கழட்டவே வேண்டியிருக்காது."

மதியம் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வந்தோம். நிவேதா கூட வரவில்லை. அவளுக்குத் தோழிகளோடு வேறு வேலை இருந்தது. போகும்போது, அந்த வீட்டை மாத்து அப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

6

பிப்ரவரி 10, திங்கள். எழுந்ததும் காப்பி போடவில்லை, நாட்குறிப்பையும் திறக்கவில்லை. காட்டேஜை ரத்து செய்தேன். தேதி மாற்றும் சலுகையைத்தான் ஒரு முறை தருவார்கள். ரத்துக்குச் சலுகை இல்லை, கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். பிறகு கொடைக்கானலில் ஒரு விடுதிக்குப் போன் செய்தேன். அங்கே அப்போது முற்பகல். நாங்கள் ஐந்து பேர், நான்கு நாள், மூன்று வேளையும் சாப்பாடு அங்கேயே என்றேன். மேலாளர் தேதியைக் குறித்துக்கொண்டு, வேறு ஏதாவது தேவையா என்று விசாரித்தார். அறையில் அடுப்பு ஏதாவது இருக்குமா என்று கேட்டேன்.

"இல்லைங்க சார்" என்றார், வருத்தமான குரலில். "ரூம்ல சமைக்க அனுமதி இல்லைங்க. தப்பா நினைச்சுக்காதீங்க. வெந்நீர் வைக்கிற கெட்டில்கூட கேட்டாத்தான் கொடுப்போம்."

"எங்க அக்கா வந்து கேப்பாங்க" என்றேன். "கொடுத்துடாதீங்க."